நகராட்சி மெத்தையில் இரண்டு குழிகள்

கல்லாற்றூரில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு தெருவுக்குள் தண்ணீர் புகுந்த வருஷம், தண்ணீர் வடிந்த பிறகு அடைப்பு என்னவென்று தோண்டிப் பார்த்தவர்கள் பாலத்துக்கு அடியிலிருந்து மெத்தை மேல் மெத்தையாக இழுத்துப் போட்டார்கள். பஞ்சு மெத்தை, தேங்காய்நார் மெத்தை, பிரசவத்துக்கு வாங்கியது, செத்தவர் கிடந்தது, சீதனத்தில் வந்து சீக்கிரமே கிழிந்தது என்று ஊர் தூக்கியெறிந்த படுக்கையெல்லாம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அங்கே கிடந்தன. அதற்குப் பிறகுதான் நகராட்சி அந்த உத்தரவைப் போட்டது. இனி எவரும் பழைய மெத்தையைத் தெருவிலோ ஆற்றிலோ போடக் கூடாது, எரிக்கக் கூடாது, பழைய பஸ் ஸ்டாண்டு கொட்டகையில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்தவர்களுக்கு அந்தப் பஞ்சையும் நாரையும் பிரித்து அடித்துக் கலந்து செய்த புது மெத்தை வழங்கப்படும் என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

சனங்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், புது மெத்தையை வாங்கிக்கொண்டும் வந்தார்கள். அந்த வாரத்திலேயே குழிகள் வந்துவிட்டன. மிஷின் நாராகக் கிழித்தாலும், நாலைந்து தெருப் பஞ்சை ஒன்றாகப் போட்டு அடித்தாலும், பழைய மெத்தையில் வருஷக்கணக்காகப் படுத்திருந்தவரின் பள்ளம் புது மெத்தையில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, தலை தலையாக, தோள் தோளாக, குதிகால் குதிகாலாக. சேர்ந்து படுத்தவர்கள் பிரியவில்லை, சேர்ந்தே வந்தார்கள். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. யாருடையது என்றுதான் கேட்டார்கள்.

"இது மேலத்தெரு அரிசி மண்டிக்காரர் முதுகுல்லா" என்று ஒரு வீட்டில் அடையாளம் சொன்னார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் செத்துப்போன தன் மனைவியின் குழியை வண்ணார் தெருவில் கண்டுபிடித்து, தன் வீட்டு மெத்தையைக் கொடுத்து அதை மாற்றி வாங்கிவந்து, பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். பெண் பார்க்கப் போனவர்கள் காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளை வீட்டு மெத்தை எங்கே போயிருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். மறைக்க ஏதாவது இருந்தவர்கள் மெத்தையை விட்டுவிட்டுத் தரைக்கு வந்தார்கள். தரையில் படுக்கிறவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று மற்றவர்கள் யோசித்தார்கள். 'வழங்கப்பட்ட மெத்தைகளில் காணப்படும் பள்ளங்கள் தொடர்பான குடும்பப் புகார்கள் இவ்வலுவலகத்தில் ஏற்கப்படமாட்டா' என்று நகராட்சி வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஒட்டிய பிறகு புகார் கூடியது.

அந்தக் கொட்டகையில்தான் ஆறுமுகக்கனி மெத்தைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். மகளிர் குழுவிலிருந்து அமர்த்திய பெண்களில் அவளும் ஒருத்தி; நாற்பதைத் தாண்டியவள், நல்ல உடம்பு, பேச்சு குறைவு, பிள்ளை இல்லை. புருஷன் லிங்கத்துரை உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர்; வாரத்தில் பாதி நாள் சாலையிலேயே இருப்பவன்.

போகப் போகக் குழிகளுக்கு அவசரம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல், உறை போடுவதற்கு முன்னாலேயே, கொட்டகையிலேயே அவை முகம் காட்ட ஆரம்பித்தன. அப்படி ஒரு காலையில், தையலுக்காகத் தன் முன்னால் விரித்த மெத்தையில் கனி தன் புருஷனைப் பார்த்தாள்.

ஐயமே இல்லை. வலது தோள் சற்றுத் தூக்கல், ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து வந்தது. ஒரு முழங்கால் முன்னால் மடங்கி, இடுப்பு பின்னால் தள்ளி, கன்னத்தைப் புஜத்தில் வைத்துப் படுக்கிற படுக்கை. கல்யாணம் ஆன நாளாய் அவள் பக்கத்தில் கிடந்த உடம்பு. அவள் வீட்டு மெத்தையோ இன்னும் வீட்டில்தான் இருந்தது, நகராட்சிக்குப் போகவே இல்லை. அப்படியானால் இது வேறொரு வீட்டு மெத்தை. அவன் அதில் ஏதோ ஓரிரு நாள் ஒதுங்கியவன் இல்லை, பள்ளம் விழும் அளவுக்கு, பல நாள், பல மாதம் படுத்திருக்கிறான்.

அவனுக்கு முன்னால், அவனை ஒட்டி, இன்னொரு குழி. சின்னது. ஒல்லியான உடம்பு, ஒருக்களித்து, இடது காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தது. அந்தக் காலில் முழங்காலுக்குக் கீழே தடமே இல்லை.

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த பாக்கியத்தாய் எட்டிப் பார்ப்பதற்குள் கனி உறையை இழுத்து மூடினாள். சாயங்காலம் தனக்கு வரவேண்டிய மெத்தை இதுதான் என்று மேஸ்திரியிடம் பொய் சொல்லி, தட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவள் சந்தேகத்துக்கு வயது அதிகம். கல்யாணம் ஆன புதிதில் வயிற்றில் தங்கியது கலைந்து, பிறகு தங்கவே இல்லை என்றானபோது, அவள் மாமனார் வைகுண்டமணி தெருவில் நின்று, "பாழுங்கெணத்துல எம்புட்டுத் தண்ணி ஊத்துனா என்ன?" என்று நாலு வீடு கேட்கச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் மகனுக்கு இரண்டாவதாக ஒரு பெண்ணும் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கே கனி வீட்டை விட்டு இறங்கினாள். லிங்கத்துரையும் அவளோடு இறங்கினான். சுடலைமாடன் கோயிலில் சூடம் அடித்து, அந்த மனுஷன் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பேச்சைக் கனி காதில் வாங்கியதில்லை. இந்த வருஷம் மழைக்கு முன்னால் மாமனார் செத்தார் என்று யாரோ சொன்னபோதும் அவள் அடுப்பில் இருந்ததை இறக்கவில்லை. லிங்கத்துரையும் லோடு இருக்கிறது என்று சொல்லி லாரியில் ஏறிப் போய்விட்டான். ஆனால் அந்த இரண்டாவது பெண் மட்டும் அவள் மனசை விட்டுப் போகவே இல்லை. பெயர் தெரியாத, முகம் தெரியாத அவள், இதோ, இடது காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

லிங்கத்துரை ஊர் திரும்பியபோது மெத்தை நடுவீட்டில் விரிந்து கிடந்தது. வாசல்படியிலேயே நின்றுவிட்டான்.

"யாரு இது?" என்றாள்.

"எது?"

"உங்க பக்கத்துல கெடக்கவ."

அவன் செருப்பைக் கழற்றினான், முகம் கழுவினான், சோறு வேண்டாம் என்றான். அவள் திரும்பக் கேட்டாள், சத்தம் போட்டாள், கட்டில் விரிப்பைப் பிடுங்கி எறிந்தாள். விரிப்பு போன இடத்தில் அவர்களுடைய சொந்த மெத்தை தெரிந்தது. அதிலும் இரண்டு குழி இருந்தது, ஆளுக்கொரு ஓரத்தில், நடுவே வரப்பு மாதிரி ஒரு மேடு. இருவருமே அதைப் பார்த்தார்கள். அவன் துண்டை விரித்துத் தரையில் படுத்தான்.

கனி விடுவதாக இல்லை. முதலில் பாக்கியத்தாயைக் கூப்பிட்டாள். "நகராட்சி மெத்தை வந்திருக்கு யக்கா, மெத்துனு இருக்கா, கொஞ்சம் படுத்துப் பாத்துச் சொல்லுங்களேன்." பாக்கியத்தாய் படுத்தாள், தோள் கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரி படுத்தாள், கால் நீண்டுவிட்டது. மூன்றாவது ஆள் படுப்பதற்குள் தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோபிக்க வேண்டியவர்கள் கோபிக்கவில்லை, வந்தார்கள். கூப்பிடாதவர்களும் வந்தார்கள். தங்கள் மேல் பழி இல்லை என்று காட்டிக்கொள்ள, கீழத்தெருவிலிருந்தும் மேலத்தெருவிலிருந்தும், தலைசீவிப் பூ வைத்து, மாமியாரையோ நாத்தனாரையோ சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பெண்கள் வந்து, கனியின் நடுவீட்டில் ஒருக்களித்து இடது காலை மடக்கிப் படுத்து எழுந்து போனார்கள். "பாத்துக்கிடுங்க, எனக்கு இடுப்பு எடம் பத்தல" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவி படுத்து எழும்வரை வாசலில் சில புருஷன்மார்கள் பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றார்கள். யாருக்கும் அந்தக் குழி பொருந்தவில்லை. ஒவ்வொருத்தி எழுந்து போகும்போதும், இன்னும் வராதவர்கள் மேல் சந்தேகம் கூடியது.

கடைசியில் வராமல் நின்றவள் ஒருத்திதான். லாரி ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த மிக்கேலம்மாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், ஒல்லியானவள், லிங்கத்துரை லாரி கிளம்பும்போதும் திரும்பும்போதும் அவள் கடையில்தான் டீ குடிப்பான்.

கனி நேரே போய்க் கேட்டாள். "எல்லாரும் வந்து படுத்துட்டாக. நீ மட்டுந்தான் வரல."

"நான் எதுக்கு வரணும்?"

"மடியில கனம் இல்லன்னா வரலாமில்லா."

மிக்கேலம்மாள் டம்ளர் கழுவுவதை நிறுத்தவில்லை. "நான் படுக்க மாட்டேன். பொருந்தாதுன்னு எனக்குத் தெரியும். அதை உனக்குக் காட்டிக்கிட்டிருக்கதுக்கு நான் ஆள் இல்ல. போ."

அந்த ஒரு பேச்சு போதுமாயிருந்தது ஊருக்கு. படுக்க மாட்டேன் என்றவள்தான் படுத்தவள் என்று லாரி ஸ்டாண்டு முடிவுகட்டியது. டிரைவர்கள் வேறு கடைக்குப் போனார்கள், வீட்டிலிருந்து அப்படி உத்தரவு. ஒரு விடியலில் அவள் கடை வாசலில் யாரோ ஒரு கிழிந்த மெத்தையைப் போட்டு நெருப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எரிக்கக் கூடாது என்ற உத்தரவை மீறியதாக நகராட்சி அவளுக்கே நோட்டீஸ் கொடுத்தது. கனி அதைக் கேள்விப்பட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. உறுத்தினாலும், அவளுக்கு நல்லா வேணும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். லிங்கத்துரையிடமும் சொன்னாள், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் சாப்பிட்ட கையோடு எழுந்து வெளியே போனான். அன்றிலிருந்து லாரியிலேயே தூங்கினான்.

சொர்ணக்கிளி வந்தது அதற்குப் பிறகுதான். லிங்கத்துரையின் தங்கை, ஆற்றுக்கு அக்கரையில், இந்த வருஷம்தான் நகராட்சியோடு சேர்த்துக்கொண்ட கிராமத்தில் இருப்பவள். கல்யாணம் இல்லாமல் அப்பாவோடேயே இருந்துவிட்டவள். நல்ல வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வந்து, கனி வீட்டு வாசலில், மிதியடியை மிதிக்காமல் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் இந்தப் படியேறியதில்லை.

"மைனி, உள்ள வரலாமா?"

ஊரே வந்து போன வீடு. கனி விலகி நின்றாள். குடையை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு உள்ளே வந்தவள், மெத்தையைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னக் குழியின் தலைமாட்டில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"இது எங்கப்பா, மைனி."

கனி அந்தக் கையையே பார்த்தாள்.

"சக்கரை வியாதியில எடது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாக. அதுக்கப்பறம் நெஞ்சுல சளி. மல்லாக்கப் படுத்தா மூச்சு நிக்கும். முதுகுக்கு யாராவது அண்டக் குடுத்தாத்தான் கொஞ்சம் கண்ணசருவாக. என்னால தாங்க முடியல. அண்ணங்கிட்டப் போயி நான்தான் அழுதேன். உப்பு ஏத்திட்டுப் போகைல ஒருநாள், வாரைல ஒருநாள் வந்து பின்னால படுத்துக்கிடும். செத்தன்னிக்கும் அண்ணன் புஜத்துலதான் தலை இருந்திச்சு. தூக்கிட்டுப் போகைல மட்டும் வரல. மைனிக்குச் சத்தியம் பண்ணிருக்கேன், நாலு பேர் பாக்க நிக்கக் கூடாதுன்னு போயிருச்சு."

ஆட்டோவில் மைக் கட்டி வந்து கேட்டபோது பயந்து மெத்தையைக் கொடுத்துவிட்டதாகவும், இப்போது டீக்கடைக்காரி ஒருத்தி மேல் பழி விழுந்தது அக்கரைக்கும் எட்டிவிட்டதால் பொறுக்கமுடியாமல் வந்ததாகவும் சொன்னாள்.

கனி குனிந்து பார்த்தாள். எத்தனையோ தரம் பார்த்த மெத்தைதான். லிங்கத்துரையின் தோளிலிருந்து கிளம்பிய கைத்தடம் அந்தச் சின்னக் குழியின் கழுத்துக்கு அடியில் போய், அந்தப் பக்கம் வெளியே வந்து, நெஞ்சுக்கு முன்னால் மடங்கியிருந்ததை அவள் அணைப்பு என்றுதான் பார்த்திருந்தாள். கட்டியணைத்ததாக நினைத்திருந்தாள். இப்போது அது விழப்போகிற சுவருக்குக் கொடுத்த முட்டு மாதிரி தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே தடம் இல்லாததும் மடக்கிப் படுத்ததால் இல்லை.

இருந்தாலும் அவளுக்குச் சட்டென்று நம்பிவிட மனசில்லை. இத்தனை நாள் சந்தேகித்த மனசு அப்படிச் சுலபத்தில் இறங்குமா? அண்ணனும் தங்கையும் சேர்ந்து கட்டிய கதையாகக்கூட இருக்கலாம். கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டாள்.

"சாகுறதுக்கு முன்ன என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளா?"

சொர்ணக்கிளி தலை நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு மாற்றிக்கொண்டாள்.

"இல்ல மைனி. ஒண்ணும் சொல்லல."

கனி அப்போதுதான் நம்பினாள். பொய் சொல்ல வந்தவள், அப்பா கடைசியில் உங்களைத்தான் தேடினார், கையெடுத்துக் கும்பிட்டார் என்று சொல்லியிருப்பாள். அடுப்படிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் லாரி ஸ்டாண்டுக்குப் போய் லிங்கத்துரையைக் கையோடு கூட்டிவந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

"சத்தியம் பண்ணிருக்கேன்லா. உடைச்சேன்னு எந்த வாயால சொல்ல?"

"பொம்பளைன்னு நெனச்சேனே."

"தெரியும்."

"பொம்பளையா இருந்தா ஏசத் தெரியும் எனக்கு. மயிரப் புடிச்சு இழுக்கத் தெரியும். இதுக்கு நான் என்னத்தச் செய்ய? அந்த மனுசன் என்னயச் சொன்னதை மறந்துட்டீங்களா?"

"மறக்கல. ஒருநா கூட அவரு மூஞ்சியப் பாக்கல, கனி. முதுகுப் பக்கந்தான் படுத்தேன். மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுதான சத்தியம். சொன்னதை மறக்காமத்தான் படுத்தேன். மூச்சு நிக்குதுன்னா என்ன செய்ய?"

அவள் அழுதாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை, சொல்ல வரவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அங்க ஒருத்தி கடையில ஈ ஓட்டிட்டு இருக்கா. அதுக்கு வாயத் தொறந்திருக்கலாம்லா நீங்க?" என்றாள்.

கனி அந்த மெத்தைக்கு நல்ல வெள்ளைத் துணியில் உறை தைத்தாள். லிங்கத்துரை அதை லாரியில் ஏற்றி அக்கரையில் தங்கையிடம் சேர்த்துவிட்டு வந்தான். அவள் கூடப் போகவில்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள்.

பிறகு கொட்டகைக்குப் போய், மிஷினை நிறுத்தச் சொல்லி, எல்லாப் பெண்களும் கேட்கிற மாதிரி நடந்ததைச் சொன்னாள். அது மாமனாருடைய குழி, மிக்கேலம்மாள் மேல் ஒரு குற்றமும் இல்லை, தப்பு என்னுடையது என்று சொன்னாள். பெண்கள் கேட்டார்கள். தலையாட்டினார்கள். "சரி கனி, அப்படித்தான் இருக்கும்" என்றாள் பாக்கியத்தாய், முதுகைத் தடவிக்கொடுத்து. அந்தத் தடவலில் இருந்த இரக்கத்தைக் கனி உடனே கண்டுகொண்டாள். அவள் நகர்ந்ததும் பின்னால் மெல்லிய பேச்சு எழுந்தது. பாவம், புருஷன் சொன்ன கதையை நம்பிவிட்டாள். தங்கச்சிக்காரியையும் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைத்திருக்கிறான். மெத்தையைக்கூட அவசர அவசரமாக ஊரை விட்டுக் கடத்திவிட்டான், பார்த்தீர்களா? அப்பனும் பிள்ளையும் கட்டிப்பிடித்துப் படுக்கிற கதை எந்த ஊரில் நடக்கும்?

ஊருக்கு ஒரு நல்ல சந்தேகம் கிடைத்திருந்தது. அதை ஒரு ஒற்றைக்கால் கிழவருக்காக விட்டுக்கொடுக்க ஊர் தயாராக இல்லை.

கனி லிங்கத்துரையை இழுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனாள். காலை நேரம், ஸ்டாண்டில் கூட்டம், கடையில் மட்டும் ஆளில்லை. வாசலில் எரிந்த கரி இன்னும் தரையோடு ஒட்டியிருந்தது.

மிக்கேலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப எந்தக் குழிக்கு அளவெடுக்க வந்திருக்க?"

"தப்பு பண்ணிட்டேன் யக்கா" என்றாள் கனி. ஸ்டாண்டுக்குக் கேட்கும்படியே சொன்னாள். முழுக்கதையையும் திரும்பச் சொன்னாள்.

மிக்கேலம்மாள் கடைசிவரை கேட்டாள். அடுப்பைத் தூண்டினாள். ஒரு டீ போட்டுக் கனி முன்னால் வைத்தாள். லிங்கத்துரையும் பெஞ்சில் உட்காரப் போனான்.

"நீ எந்திரி" என்றாள் அவனிடம். "இவ தெரியாமப் பழி சொன்னா. நீ தெரிஞ்சே வாய மூடிட்டு இருந்த. என் கடை வாசல்ல தீ எரிஞ்சப்பவும் மூடிட்டுத்தான் இருந்த. உனக்கு இங்க டீ கெடையாது."

அவன் எழுந்து போய் லாரியோரம் நின்றான். கனி அவனுக்காகப் பரிந்து பேசவில்லை. டீயைக் குடித்தாள். மறுநாளும் கொட்டகைக்குப் போகும் வழியில் வந்து அதே பெஞ்சில், ஸ்டாண்டைப் பார்த்தபடி உட்கார்ந்து குடித்தாள், அதற்கடுத்த நாளும். மிக்கேலம்மாள் பேசவில்லை, டீ மட்டும் கொடுத்தாள். டிரைவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். டீக்காக வந்தார்களோ வேடிக்கைக்காக வந்தார்களோ, வந்தார்கள்.

இதற்கும் ஊர் ஒரு விளக்கம் கண்டுபிடித்தது. இரண்டு பேரும் பேசி ஒத்துக்கொண்டுவிட்டார்கள், ஆளைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அதுதான் இந்தச் சினேகம் என்று. பாக்கியத்தாய்தான் அதைக் கனியின் காதில் போட்டாள். கனி அதைக் கொண்டுபோய், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மிக்கேலம்மாளிடம் சொன்னாள்.

மிக்கேலம்மாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. லாரியோரம் டீ இல்லாமல் நின்றுகொண்டிருந்த லிங்கத்துரையைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"பங்கு போடுத அளவுக்கு அந்த ஆளுகிட்ட என்னட்டி இருக்கு?"

கனிக்கு வாயில் இருந்த டீ புரையேறிவிட்டது. மிக்கேலம்மாள் அவள் தலையில் தட்டினாள், தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள், சிரிப்பை அடக்க முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்து, அப்படி என்ன சிரிப்பு என்று சந்தேகப்பட்டார்கள்.